அறுபது கறுப்புப் படங்கள்

எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடமாக என் மனைவி வானத்தோடு தனிக்குடித்தனம் நடத்துகிறாள். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை. வீடு திரும்பியதும் வானம் தெளிவாக இருந்தால் கால் தானாக மாடிப்படி ஏறிவிடும். எங்கள் மலையூர்த் தெருவில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். வைத்தது நான்தான்; அது அவளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய கேமரா ஒரு கல்யாண போட்டோகிராபர் போதுமென்று தலைமுழுகியது. பேட்டரி மூடி டேப்பின் தயவில் நிற்கிறது. ஸ்டாண்டுக்கு ஒரு கால் நொண்டி. நட்சத்திரத்தின் பின்னாலேயே திரும்பிக்கொண்டு போகும் கருவியெல்லாம் கிடையாது. அதனால் மூன்று மூன்று நொடியாக நூற்றுக்கணக்கில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குவாள். இதற்குமேல் எனக்குத் தெரியாது. கேட்டால் விளக்க உட்கார்ந்துவிடுவாளே என்று கேட்டதும் இல்லை.

போன மாதம் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கே நான்கே நாள் தெரியும். அப்புறம் நம் ஆயுசில் வராது. மூன்று நாள் மேகம். அவள் யார்மேலும் எரிந்து விழவில்லை, பாத்திரங்களைத்தான் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். நான்காம் நாள் வானம் வழிவிட்டது. குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தவளுக்கு முகமெல்லாம் பல். மறுநாள் எனக்கு விடுமுறை. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கேமரா கார்டைக் காலி செய்து வைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

எனக்கு அச்சகத்தில் வேலை. மை அப்பிய தாள், கோணலாக விழுந்த தாள், எதுவானாலும் கண்ணில் பட்ட மாத்திரத்தில் உருவி எறிய வேண்டும். இருபது வருடத்தில் கைக்கு அது ஊறிப்போய்விட்டது. படங்களைப் புரட்டினால் கடைசி அறுபதும் கும்மிருட்டு. பாவம், குளிரில் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருக்கிறாள், அதைப் பார்த்து நொந்துகொள்வானேன் என்று அறுபதையும் அடியோடு அழித்தேன். கார்டையும் சுத்தமாகத் துடைத்தேன். புண்ணியம் கட்டிக்கொண்ட திருப்தியில் ஒரு தூக்கமும் போட்டேன்.

சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“கடைசி அறுபது எங்கங்க?”

“எல்லாம் கறுப்பா இருந்துச்சு. வேஸ்ட்டுன்னு தூக்கிட்டேன்.”

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். மூடியைப் போட்டு வேண்டுமென்றே எடுத்த படங்களாம் அவை. பழைய கேமரா கும்மிருட்டிலும் தன்பாட்டுக்குச் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளி வைக்கும். கறுப்புப் படத்தில் அந்தப் புள்ளிகள் மட்டும் இருப்பதால், அதை வைத்து மற்ற படங்களிலிருந்து அவற்றைக் கழித்துவிடலாம். கழிக்காமல் அடுக்கினால் வால்நட்சத்திரத்தின்மேல் கலர் கலராகக் கீறல்தான் மிஞ்சும். இப்போது மூடியைப் போட்டு எடுத்தால் ஆகாதா என்றேன். சூடு மாறினால் புள்ளியும் மாறுமாம். நேற்றைய குளிர் வேண்டுமாம். வெளியே மறுபடி மேகம் மூடிக் குளிர் விட்டிருந்தது.

அவள் தன் நோட்டைப் புரட்டினாள். நேற்று மாடியில் ஒன்பது டிகிரி. கொஞ்ச நேரம் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாலை வெளிய எடுங்க” என்றாள்.

கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரிட்ஜில் முட்டைகளுக்கும் தக்காளிக்கும் நடுவே வைத்தோம். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். ஃபிரிட்ஜின் குளிரையும் குறைத்து வைத்தாள். பொத்தானை அழுத்தும் ஒயர் மட்டும் கதவு இடுக்கு வழியாக வெளியே வந்தது. குளிர் ஏறி ஒன்பதில் நிற்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை கதவை யாரும் திறக்காமல் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான், ஆனாலும் காவல்.

தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பதினோரு வருடத்தில் அவள் படம் எடுக்கும்போது நான் கூட உட்கார்ந்தது அன்றுதான். இதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று, என்றைக்கோ கேட்டிருக்க வேண்டியதை அன்று கேட்டேன்.

“நாள் முழுக்க அடுத்தவங்க நல்லாப் பாக்கணும்னுதான் வேலை செய்யறேன். மாடிலதான் நானே பாக்கறேன்” என்றாள்.

இத்தனை நாள் கேலி செய்தே ஓட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தேன். அவள் ஒயரை என் கையில் கொடுத்து, அறுபது தடவை அழுத்தச் சொன்னாள். எண்ணி அழுத்தினேன்.

இரண்டு நாள் கழித்துப் படம் தயாரானது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கரும்பலகையில் சாக்பீஸை லேசாக இழுத்த மாதிரி ஒரு வால், நுனியில் பச்சையாக ஒரு பொட்டு. கீறல் ஒன்றுகூட இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வானத்தைப் படம் எடுப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அங்கே படம் போட்டால் எந்தக் கேமரா, எத்தனை நொடி, எத்தனை படம் என்று கீழே கணக்கு எழுத வேண்டும். நான் என்ன கூத்து அடித்தேன் என்பதையும் எழுதிவிடுவாளோ என்று பயந்துகொண்டே அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். வெளிச்சப் படங்கள் இருநூற்று நாற்பது, எடுத்தது நான் என்று எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த வரி: கறுப்புப் படங்கள் அறுபது, எடுத்தவர் என் கணவர்.