கீழ்த்தட்டுக்கு வந்த பாட்டுப்பெட்டிகள்

ஷட்டரை இறக்கிய பிறகு கடைக்குள் ஏதாவது சத்தம் கேட்டால், எங்கள் தொழிலில் முதலில் நினைப்பது சாமியை அல்ல, சார்ஜரை. நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு, ராத்திரி வீங்கின காலைச் சுவரில் தூக்கிப் போட்டுப் படுக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்ல வேறு ஆளும் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

கோழிக்குஞ்சு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடையில் நான் சேர்ந்தபோது எம்பி3 பிளேயர்களுக்குக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டு. உள்ளே விளக்கு, அடியில் வெல்வெட் துணி. போன்களே பாட ஆரம்பித்ததும் நடுத்தட்டுக்கு இறங்கின. எனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, லீவு முடிந்து வந்து பார்த்தால் கீழ்த்தட்டில், அயர்ன் பாக்ஸ்களுக்குப் பின்னால். குனிந்தால்தான் தெரியும். யார் குனிகிறார்கள்?

ஒரு மழைநாள், நன்றாக இருட்டிவிட்டது. நானும் சூப்பர்வைசர் மோகன் அண்ணனும் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். உள்ளேயிருந்து கோழிக்குஞ்சு மாதிரி, ‘கீச்... கீச்...’ நான் மோகன் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் பயம். என் வீட்டுக்காரர் வேலை மாறிப் புனே போனார். தினமும் வந்த போன் வாரம் ஒன்றாகி, ஐந்து மாதமாக அதுவும் இல்லை. ஊரப்பாக்கம் வீட்டில் நானும் இரண்டரை வயசு யாழினியும்தான். கதவுக்கு இரண்டு சாவி, ஒன்று அவரிடம். உள்ளே தாழ்ப்பாள் போட்டால் அந்தச் சாவி திறக்காது. ஏதோ ஒரு ராத்திரி அவர் வந்து நின்றால்? அதனால் தாழ்ப்பாள் போடாமலே படுக்கிறேன். படுத்தபடி அதையே பார்த்துப் பயப்படுகிறேன்.

மோகன் அண்ணன் டார்ச்சோடு மண்டிபோட்டுக் கீழ்த்தட்டைத் துழாவினார். காலையில் யாருக்கோ போட்டுக் காட்டிவிட்டு நான் அணைக்க மறந்த பிளேயர், சார்ஜ் தீர்ந்து கத்திக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “அது சாவறதுக்கு முன்னாடி கத்துதும்மா. நம்பளுக்கு அந்த வசதிகூட கெடையாது.”

அம்மன் மூக்கு

ஒருநாள் கை முழுக்கக் கல்தூசியோடு ஒருவர் வந்தார். “மே ஐ ஹெல்ப் யூ, சார்?” என்றேன். பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் சிஸ்டர்கள் ஏற்றிய பழக்கம், இறங்க மாட்டேன் என்கிறது. சார் என்று யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். மாமல்லபுரத்தில் சிலை செய்கிறவராம். பாட்டு மட்டும் பாடுகிற பெட்டி வேண்டுமாம்.

கேட்டது கீழ்த்தட்டு என்றால் மேல்தட்டைக் காட்டு என்பதுதான் எங்கள் வேதம். புதுப் போன் ஒன்றை எடுத்து, இதிலேயே பாட்டும் வரும் சார் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். போன் அடிக்காதா என்று ஐந்து மாதமாக அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருப்பவளிடம் அவர் சொன்னார்: “பாட்டு கேட்டுகினே அம்மனுக்கு மூக்கு எடுத்துகினு இருந்தேன்மா. திடீர்னு போன் அடிச்சுது, எவனோ ராங் நம்பரு. உளி வழுக்கி, மூணு மாச வேலை போச்சு. இப்ப அது மூக்கு இல்லாம பட்டறை வாசல்ல குந்திகினு என்னையவே மொறைக்குது. எவனும் கூப்புட முடியாத பொட்டியா குடு!”

பாடிக் காட்டு

போன் கொண்டுபோகக் கூடாத ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் கேட்க என்று கேமரா இல்லாத பிளேயர் வாங்கிப்போனார். கீழ்த்தட்டிலிருந்து ஒரே மாதத்தில் இரண்டாவது விற்பனை! மோகன் அண்ணன் அவற்றைத் துடைத்து நடுத்தட்டுக்கு ஏற்றலாமா என்றுகூட யோசித்தார். இரண்டே நாளில் அந்த மனிதர் பெட்டியோடு திரும்பி வந்தார். “கேமரா இல்லைன்னு கேட்ல ஒத்துக்கிட்டாங்க மேடம். வெறும் பாட்டுதான்னா பாடிக் காட்டுங்கன்னாங்க. சார்ஜ் இல்ல, நானே ரெண்டு வரி பாடினேன். நல்லா கேட்டுட்டு, பெட்டிய வெளிய வெச்சிட்டு என்னை மட்டும் உள்ள விட்டாங்க.”

கட்டைக் குரல்

கடப்பாக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி வந்தாள். புருஷன் கேரளப் பக்கம் படகு வேலைக்குப் போனால் வர மாதக்கணக்காகும். பழைய பாட்டு நிரப்பிய பெட்டியைக் காட்டினேன். “பாட்டு வேணாம், பேசணும்” என்றாள். தேடியதில் ஆன்மிகச் சொற்பொழிவு நிரப்பிய, ஸ்பீக்கர் வைத்த பெட்டி இரண்டு கிடைத்தது. யாருடைய சொற்பொழிவு, எந்தக் கதை, ஒன்றும் கேட்கவில்லை. “குரலு கட்டையா கீதா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு என்னை உள்ளே நிற்கவைத்துப் போடச் சொல்லிவிட்டு, அவள் தெருவில் இறங்கிப் போய் நின்றுகொண்டாள். கண்ணாடிக் கதவைச் சாத்தச் சொன்னாள். இன்னும் சத்தம் என்று ஜாடை காட்டினாள். உள்ளே பெரியவர் ஒருவர் மகாபாரதம் சொல்ல, வெளியே இவள் காதைக் கொடுத்துக் கேட்க, நடுவில் நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தேன். திருப்தியாகி உள்ளே வந்தாள். “வூட்ல ஆளு இல்லன்னு ஊருக்குத் தெரியக் கூடாது பாரு. இவரு கதை சொல்லிகினு இருந்தார்னா எந்த நாயும் கேட்டைத் தொடாது.”

எங்கள் வீட்டு ஆள்

மிச்சமிருந்த இன்னொன்றை நானே எடுத்துக்கொண்டேன். அதோடு விற்காத பாட்டுப்பெட்டிகளைக் கம்பெனிக்கே திருப்பிவிட்டு, கடையின் பட்டியலிலிருந்து எம்பி3 பிளேயர் என்ற வரியை மோகன் அண்ணன் அடித்துவிட்டார். கீழ்த்தட்டில் இப்போது டிரிம்மர்கள்.

வீட்டில் ஜன்னலோரம் வைத்து, தினமும் எட்டு மணிக்குப் போட்டுவிடுவேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. மாடிப்படியில் யாராவது நடந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். அவர் கதை சொல்வார், நான் பாத்திரம் தேய்ப்பேன். ஒருநாள், “சாதம் குழைஞ்சு போச்சு” என்று அந்தப் பெட்டியிடம் சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

இன்று ராத்திரி யாழினி தூங்கிவிட்டாள் என்று நினைத்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். பெட்டியில் பெரியவர் பாண்டவர்களைக் காட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் யாருடையது என்று நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. இப்போது புரண்டு படுத்து, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “அம்மா, அப்பாவ ஆஃப் பண்ணும்மா. தூக்கம் வருது.”

அணைத்தேன். ஃபேன் சத்தம் மட்டும். கஸ்டமர் போதும் என்று சொன்ன பிறகும் டெமோ ஓட்டிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் பெரிய தப்பு என்பதால், எழுந்துபோய் இரண்டு கையாலும் தள்ளி, இத்தனை மாதமாகப் போடாமல் வைத்திருந்த உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.