கஜலட்சுமி வீட்டுச் சத்தம்

திருச்செல்வம் இருபது வருடம் கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். டுரியான் துங்கால் ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் சின்ன ஒலிப்பதிவு அறை வைத்த பிறகுதான் படவேலை வந்தது. சிம்பாங் அம்பாட் அருகே லாரி மோதி இறந்த நகுலனின் கதையை இயக்குநர் திவ்யதர்ஷினி படமாக எடுத்து, ஒலி சேர்க்க அவரிடம் கொடுத்திருந்தாள். நகுலனின் தாய் கஜலட்சுமி, ஓய்வுபெற்ற ஆசிரியை, சம்மதம் தந்திருந்தார்.

தொடக்கக் காட்சியில் போலீஸ்காரர் வாசலில் நின்று செய்தி சொல்லும்போது வயலின் வேண்டும் என்றாள் திவ்யதர்ஷினி. திருச்செல்வம் மூன்று முறை சேர்த்துப் பார்த்தார். மூன்று முறையும் யாரோ வீட்டுச் சாவு போலிருந்தது. மறுநாள் காலை அலோர் காஜாவில் கஜலட்சுமியின் வீட்டுக்குப் போய் அவரிடமே கேட்டார்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான். அந்த நேரத்துல உங்க காதுல என்ன விழுந்துச்சு?"

கஜலட்சுமி வீட்டின் பின்புறம் திரும்பிப் பார்த்தார்.

"வாஷிங் மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு தம்பி. போலீஸ்காரர் வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. உள்ள அவனோட வேலைச் சட்டை சுத்துது. மெஷின் நிக்கிற வரைக்கும் அங்கேயே நின்னேன்."

பதிவு செய்யலாமா என்று கேட்கத் தயங்கி, திருச்செல்வம் பையிலிருந்த ஒலிவாங்கியைத் தொட்டார். கஜலட்சுமியே எழுந்து நாலைந்து துண்டுகளை மெஷினுக்குள் போட்டார்.

"வெறும் மெஷின் சத்தம் வேற மாதிரி இருக்கும் லா."

அடுத்த வாரம் கஜலட்சுமி ஒலிப்பதிவு அறைக்கு வந்து படத்தைப் பார்த்தார். இருண்ட திரையில் முதலில் அந்தச் சுழற்சி மட்டும். பிறகு வாசல், போலீஸ்காரரின் அசையும் உதடுகள். மெஷின் நின்றதும் தாயாக நடித்தவள் கதறினாள்.

"சத்தம் சரிதான். ஆனா நான் அழல தம்பி. மூணு நாளைக்கு அழுகையே வரல."

திவ்யதர்ஷினி தயங்கினாள். "ஆன்ட்டி, அழலன்னா கல்நெஞ்சுக்காரின்னு நினைச்சிடுவாங்களே."

"நினைச்சாங்கம்மா. சொந்தக்காரங்களே நினைச்சாங்க."

திருச்செல்வம் கதறலை வெட்டினார். திவ்யதர்ஷினி தடுக்கவில்லை.

அலோர் காஜா மண்டபத்தில் படம் போட்ட அன்று திருச்செல்வம் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒலிப்பெட்டியருகே நின்றார். கஜலட்சுமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் மெஷின் நின்றது. அழுகை இல்லை. அந்தப் பெண்ணின் மூச்சு மட்டும் கேட்டது.

அப்போது ஓர் அம்மாள் எழுந்து நாற்காலிகளைப் பிடித்தபடி முன்வரிசைக்கு நடந்தார். கஜலட்சுமியின் நாத்தனார் நிர்மலாதேவி. பெற்ற பிள்ளைக்குக் கண்ணீர் விடாதவள் என்று சொல்லி, இழவு நடந்த நாளோடு அவரிடம் பேச்சை நிறுத்தியவர்.

கஜலட்சுமி நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.