வண்டி ஒன்றுக்குக் கட்டணம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷமாக நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

என் தங்கை வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் பார்த்த லேத் வேலையை விட்டுவிட்டு, தங்கையின் நகையெல்லாம் விற்று, எட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கினார். எங்கள் குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் செல்போனில் ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு, பாரிவாக்கம் வரை ஓட்டிப்போய் அங்கேயே விட்டுவிடலாம். நல்ல யோசனை என்று நானும்தான் உசுப்பேற்றிவிட்டேன். தெருவோரம் நிறுத்த நகராட்சி அனுமதி மட்டும் பாக்கி. "ஆபீஸ்ல பேச நீ வா மச்சான்" என்றார். போனேன்.

கவுண்டரில் இருந்த அம்மா கட்டணத்தைச் சொன்னதும் மாப்பிள்ளை தலையாட்டினார். "எட்டு வண்டிக்கும் சேத்துதானே மேடம்?"

"இல்ல சார். வண்டி ஒண்ணுக்கு. வருஷா வருஷம் கட்டணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு வண்டியும் ஓயாமல் ஓடினாலும் அவ்வளவு கட்ட முடியாது. "இன்னா நியாயம் இது? எந்த மகராசன் கேட்டு இப்படிப் போட்டீங்க?" என்று கத்தினேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "உங்க ஏரியா ஜனங்கதான் சார் கேட்டாங்க. போன வருஷம் வேற யாரோ உட்ட வாடகை ஸ்கூட்டருங்க வாசலை அடைச்சிகினு நிக்குதுன்னு மனு குடுத்தாங்க" என்று ஃபைலைத் திருப்பிக் காட்டினார். 'வண்டி ஒன்றுக்குத் தனித்தனியாகக் கடுமையான கட்டணம் விதிக்க வேண்டுகிறோம்.' கீழே முதல் கையெழுத்து என்னுடையது.

எங்கள் தெருவில் மனு எழுதினால் முதலில் என்னிடம்தான் வரும். நான் போட்டால் மற்றவர்கள் கேள்வி கேட்காமல் போடுவார்கள். கொண்டுவருகிறவன் எப்படியும் சொந்தக்காரனாக இருப்பான்; அவன் எதிரில் நின்று காகிதத்தைப் படித்தால் அவனை நம்பாத மாதிரி ஆகிவிடும். தெருவிளக்கோ சாக்கடையோ, வாசல் கேட்டின்மேல் வைத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். இதையும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "படிச்சிட்டுத்தானே போட்ட மச்சான்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

படிக்காமல் போட்டவன் என்பதைவிட, தங்கை குடும்பத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்குவது அந்த நிமிஷம் எனக்குச் சுலபமாக இருந்தது.