கார்த்திகை இல்லாத கடல்

எண்ணூர்ப் பக்கம் ஒரு முகத்துவாரத்துக்குத் தெற்கே, கடலுக்குள் கல் சுவர் கட்டத் திட்டமிட்டார்கள். மணல் எங்கே சேரும் என்று கணித்துச் சொல்லும் வேலை எங்கள் ஆய்வகத்துடையது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். கண்ணாடிபோல் தலையில் மாட்டினால் கணிப்பொறிக் கடலுக்குள்ளேயே நிற்கவைக்கும் கருவி ஒன்று புதிதாக வந்திருந்தது. கையிலுள்ள கோலை அழுத்தினால் மஞ்சள் மணல் கொட்டும். அது போகும் வழியெல்லாம் கூடவே போகலாம்.

மீனவர்களைச் சம்மதிக்கவைக்க அழைத்தோம். அவர்களில் மூத்தவர் கருவியை மாட்டி, படகில் நிற்பதுபோல் காலை அகட்டி நின்றார்.

"இன்னா மாமு, சங்கரா மீனு கீதா?" என்று கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள்.

"தே, சும்மா இருங்கடா."

அவர் கொட்டிய மணல் வடக்கே ஓடி, சுவரின் தென்புறம் முட்டி நின்றது. முகத்துவாரம் சுத்தமாக இருந்தது. அவர் கருவியைக் கழற்றினார்.

"இது ஆனி, ஆடித் தண்ணி சார். கார்த்திகைத் தண்ணியக் காட்டு. அப்போ வடக்கால இருந்து மண்ணு வரும். உன் சுவத்துல முட்டி எங்க முகத்துவாரத்துலதான் வுயும்."

கார்த்திகை எங்களிடம் இல்லை. அலை மிகுந்த மாதங்களில் எங்கள் அளவைப் படகு கடலுக்குப் போகாது. அமைதியான மாதங்களின் அளவுகளையே ஆண்டு முழுவதற்கும் போட்டு ஓட்டியிருந்தோம். மேலதிகாரி பக்கத்தில் நின்றார். நான் மூத்தவரிடம் சொன்னேன்: "வருஷம் முழுக்க இப்படித்தான், ஐயா."

"கார்த்திகைல ஒரு நாளு என் போட்ல வா. வாந்தி எடுத்துகினாவது பாரு."

போகவில்லை.

சுவர் எழுந்து இரண்டாம் கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். முகத்துவாரத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். படகை மணல்மேல் தள்ளிக்கொண்டிருந்த அந்த மூத்தவர் என்னைக் கண்டு நின்றார். "இன்னா சார், இப்போ கண்ணாடி இல்லாமயே தெரியுதா?"

சுவரை எதிர்த்து அவர்கள் வழக்குப் போட்டபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். கேட்காமலே அவர்கள் பக்கம் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். பழைய மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இந்த வயசுல பேரைக் கெடுத்துக்காதீங்க. வாபஸ் வாங்கிடுங்க."

"அது அன்னிக்கே கெட்டுப்போச்சு சார்."

வாபஸ் வாங்க மாட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பொய்யன் என்றால் ஆமாம் என்பேன். எந்த அறையில், யாரிடம், யார் பக்கத்தில் நின்றபோது அந்தப் பொய்யைச் சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.