டீ மாஸ்டரின் கைதட்டல்

சோமனூரில் தினமும் இரண்டு முறை நான் டீ குடித்த பேக்கரியில் ஒரு டீ மாஸ்டர் இருந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. வருகிறவர்களையும் சேர்த்து எண்ணினாலும் அங்கே அவர் ஒருவர்தான் முஸ்லிம். இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடும் நாட்களில், ஆரவாரம் எழுந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலில் கைதட்டுவது அவர்தான். எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஆறு தட்டு.

டிவி அவர் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் இருந்தது. ஒருநாள் கடையில் இருந்த பதினான்கு பேரும் ஒன்றாகக் கத்தினோம். அவர் வழக்கம்போலக் கைதட்டினார். அவுட்டானது நம் ஆள்.

"எங்க சோத்தைத் தின்னுபோட்டு அவனுக்குக் கைதட்டறயா? உன்ற ஊருக்கே போடா!" என்று தறிக்காரர் ஒருவர் மிச்ச டீயை அவர் சட்டையில் வீசினார்.

"எங்கூரு இங்க பக்கத்துல அன்னூருங்க," என்றார் அவர்.

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன்: "ஏனுங்க, பாக்காமயே எதுக்குத் தட்டுனீங்க?"

"எனக்கு ஆட்டமே தெரியாதுங்க. சத்தம் வந்தாத் தட்டிருவனுங்க. தட்டாட்டி எல்லாரும் என்ற கையவே பாக்கறாங்க."

"எல்லாருமா?"

"நீங்களுந்தானுங்க," என்றார், கோபமே இல்லாமல். ஈரச் சட்டையோடு எனக்கு இன்னொரு டீ ஆற்றினார்.

அதன் பிறகு ஆட்ட நாட்களில் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. அவர் போகாமல் இருக்க முடியாது.