தங்கராசு அண்ணனின் கைகாட்டி

தங்கராசு அண்ணன் போய்விட்டார்.

காலையில் குரும்பலூரிலிருந்து அண்ணிதான் போன் செய்தார். தூக்கத்திலேயே போயிருக்கிறார்... எண்பதைத் தாண்டியவர், கல்யாணச் சாவுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

அரியலூரில் சிமெண்ட் ஃபேக்டரி எலெக்ட்ரிக்கல் செக்‌ஷனில் எனக்கு சீனியர். தெரியாதவர்களுக்கு ஒரே வரியில் சொன்னால், ரயிலே வராத பெரம்பலூர்ப் பக்கத்தில் சொந்தமாக ரயில் வைத்திருந்த மனுஷன்.

மாடி அறை முழுக்க பிளைவுட் பலகை. அதன் மேல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் இருந்த அரியலூர் ஸ்டேஷன், பொம்மை அளவில்... மீட்டர் கேஜ் லைன், தண்ணீர்த் தொட்டி, கைகாட்டி மரம். பிளாட்பாரத்தில் இடுப்பில் குழந்தையோடு கட்டைவிரல் உயரத்தில் ஒரு பெண். தாயையும் பிள்ளையையும் ஒரே மரத்துண்டில் செதுக்கியிருந்தார்.

அது அவருடைய அம்மா. குழந்தை அவர்தான்.

யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது அப்பா அந்த ஸ்டேஷனில்தான் வண்டி ஏறினாராம். "போயிட்டு வரேன்" என்று சொன்னவர் வரவே இல்லை. கடிதமும் இல்லை, சாவுச் செய்தியும் இல்லை. சாயங்காலமானால் அம்மா ஸ்டேஷனுக்குப் போய் கைகாட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். கை இறங்கினால் வண்டி உள்ளே வரும்... அவருக்குத் தெரிந்த ரயில்வே சட்டம் அவ்வளவுதான்.

அந்த வண்டியை ஒரு தடவையாவது பிளாட்பாரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அண்ணன் அத்தனையையும் கட்டியது இதற்காகத்தான்.

வண்டிதான் வர மாட்டேன் என்றது.

எஞ்சின், மெட்ராஸில் பழைய சாமான் கடையில் துருப்பிடித்துக் கிடந்தது. சுரண்டி, கறுப்பு பெயிண்ட் அடித்து, டேப் ரிக்கார்டர் மோட்டாரைப் பொருத்தினார். பெட்டிகளை பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்தார். பலகையை ஜோராகச் சுற்றி வரும். கைகாட்டிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடும்.

மோட்டாரை மாற்றினோம். சக்கரத்தை மாற்றினோம். தண்டவாளத்தைப் பிடுங்கிப் புதிதாகப் போட்டோம். மீட்டர் வைத்துப் பார்த்தால் கரண்ட் சுத்தமாக இருக்கிறது... கையால் தள்ளிவிடலாமே என்று ஒருமுறை சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கைகாட்டி வெறும் அட்டை, ஒயர்கூடக் கிடையாது. கை நீட்டிய நிலையில் பசை போட்டு ஒட்டிவைத்திருந்தார்.

பசை போட்ட அட்டைக்கு எஞ்சின் பயப்படுதாக்கும் என்று கிண்டல் செய்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"அம்மா காத்திருந்த வண்டிக்குக் கை இறங்கவே இல்லியேப்பா. நானா எப்புடி இறக்குறது?"

இன்று மதியம் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி அருகில் வந்து சாவியைக் கையில் திணித்தார்.

"காலையிலேருந்து மேல வண்டி ஓடுற சத்தம் கேக்குது தம்பி. போய் நிறுத்திட்டு வாங்க."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாவம், அழுது களைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பாதிப் படியில் எனக்கும் கேட்டது.

பூட்டைத் திறந்ததும் சத்தம் நின்றது.

பிளக் போர்டில் இல்லை. ஒயர் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது, அண்ணன் எப்போதும் மாட்டுவதைப் போலவே.

வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. கைகாட்டியின் கை இறங்கியிருந்தது. தொட்டுப் பார்த்தேன்... பசை விட்டிருக்கவில்லை, கல்லாக இறுகியிருந்தது.

அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை இல்லை.

உடைந்த அடையாளம்கூட இல்லை. கீழே குனிந்து தேடினேன், கிடைக்கவில்லை. பெட்டிகளுக்குள் பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை. கரண்டோடேயே காலம் தள்ளியவன் நான்... அறையைப் பூட்டிவிட்டு இறங்கினேன்.

கீழே வந்து, வண்டி நின்றுவிட்டது அண்ணி என்று மட்டும் சொன்னேன். அவர் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சொல்லாமல்தான் வந்தேன். அதனால் இங்கே எழுதுகிறேன்...

வண்டி வந்துடுச்சு அண்ணே. பாத்துப் போங்க.