மதிலுக்கு அந்தப் பக்கம் கத்திய மாடு

போன வருடம், பெரும்போக விதைப்புத் தொடங்கிய நாட்களில், கல்முனைக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் எங்கள் ஊரில் இது நடந்தது. வயலுக்குள் மாடு இறங்கக் கூடாத காலம் அது. மேய்ச்சல் தரைக்கு அனுப்ப வசதியில்லாதவர்களின் மாடுகள் பிரதான வீதியில் வந்து படுத்துக்கொள்ளும். கட்டாக்காலி என்று பிரதேச சபை ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்த் தங்கள் வளவில் கட்டுவார்கள். அதே மாதம்தான் வாசிப்பு மாதமும். ஊர் நூலகத்தில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். தலைப்பை நானே கொடுத்தேன்: பழம்பெரும் நாவல்களில் மனிதரும் மிருகங்களும்.

நான் உள்ளூராட்சித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெற்றவன். எந்த விண்ணப்பத்தோடு எந்தக் கடிதத்தை இணைக்க வேண்டும் என்று ஊரில் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

பேச்சு சனிக்கிழமை. வியாழன் காலை தேநீர் பசும்பாலில் இல்லாமல் பால்மாவில் வந்தது. ஏன் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, எங்களுக்குப் பால் கொடுக்கும் பெண் வாசலில் வந்து நின்றார். கணவனை இழந்தவர். இருந்தது ஒரே ஒரு மாடு. அதன் பாலை நாலைந்து வீடுகளுக்குக் கொடுத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"சேர், நேத்துக் காலைல மாட்டப் புடிச்சிட்டுப் போய்ட்டாங்க. கண்டுக்குட்டி வீட்ட நிண்டு கத்துது. போய்க் கறக்கவும் விடுறாங்க இல்ல. நீங்க ஒருக்கா கதைச்சா விடுவாங்க."

என் மேசையில் மூன்று நாவல்கள் விரித்தபடி கிடந்தன. விற்ற பிறகும் பழைய வீட்டைத் தேடி வந்துவிடும் ஒரு மாட்டைப் பற்றிய பக்கத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பேனையைக் கீழே வைக்காமலே வழிமுறையைச் சொன்னேன். முதலில், ஊரார் ஜீஎஸ் என்று சொல்லும் கிராம உத்தியோகத்தரிடம் மாடு தன்னுடையதுதான் என்று ஒரு கடிதம். பிறகு மிருக வைத்தியர் காரியாலயத்தில் மாட்டின் காதுப்பட்டி இலக்கத்தை உறுதிப்படுத்த வேண்டும். காதுப்பட்டி எப்போதோ விழுந்துவிட்டது என்றார். அப்படியென்றால் அதற்கு வேறொரு விண்ணப்பம். எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசைப்படி எழுதியும் கொடுத்தேன். என் கையெழுத்து அழகானது.

அவர் போனதும் மனைவி, "ஒரு போன் எடுத்தா முடியிற வேலை. ஏன் அந்தப் புள்ளய அலைய உடுறீங்க?" என்றார்.

"எல்லாத்துக்கும் ஒரு முறை இரிக்கி," என்றேன்.

மனைவி சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும். பிடிபட்டது பால்மாடு என்றால், கடிதங்கள் வரும்வரை உரிமையாளரைக் கறக்க விடலாம், கன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டலாம். பொறுப்பான உத்தியோகத்தரின் ஒரு வரிக் குறிப்பு போதும். சேவையில் இருந்தபோது நானே அப்படி அனுமதித்திருக்கிறேன். தாளில் அந்த வரியை மட்டும் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. சலுகை இருப்பது தெரிந்தால் எல்லாரும் சலுகைக்குத்தான் வருவார்கள் என்பது என் பழைய கொள்கை.

வெள்ளிக்கிழமை கிராம உத்தியோகத்தர் வெளிவேலையில் இருந்தார். அவர் கடிதம் இல்லாமல் மிருக வைத்தியர் காரியாலயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை இரண்டும் பூட்டு.

அன்று பின்னேரம் நூலகம் நிறைந்திருந்தது. வெளியே நிற்பவர்களும் கேட்கட்டும் என்று வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நூலகத்துக்கும் சபை வளவுக்கும் இடையில் ஒரு மதில்தான். நான் எழுந்தபோதே அந்தப் பக்கம் மாடு கத்திக்கொண்டிருந்தது. விற்ற மாடு திரும்பி வரும் பகுதியை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரியாக அந்த நேரம் மறுபடியும் அதே சத்தம், அடித்தொண்டையிலிருந்து, நீளமாக. வாசிப்பை நிறுத்திவிட்டு நூலக ஊழியரைப் பார்த்தேன்.

"அந்தப் பக்க ஜன்னலச் சாத்துங்க தம்பி. மனிசன் கதைக்க ஏலாம இரிக்கி."

நாலு பேர் சிரித்தார்கள். ஜன்னல் சாத்தப்பட்டது. அது யாருடைய மாடு என்று எனக்குத் தெரியாது என இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். தெரியும்.

பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு வெளியே வந்தபோது, சபைக் கேற்றடியில் அந்தப் பெண் ஒரு கட்டுப் புல்லும் வெறும் வாளியுமாக நின்றார். காவலாளி உள்ளே விடவில்லை. கையில் நான் எழுதிக் கொடுத்த தாள், நாலாக மடித்தபடி.

"ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டன் சேர். நல்லாத்தான் கதைச்சீங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "அந்தக் கதையில மாட்டுக்காரன்கிட்ட ஆரும் ஜீஎஸ்ட கடிதம் கேக்கல்லயா?"

காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அங்கேயே நின்று போன் எடுத்தேன். பொறுப்பில் இருந்தவர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவர். "இத வியாழக்கிழமையே சொல்லியிருந்தா அப்பவே கறக்க விட்டிருப்பமே சேர்," என்றார். கால்மணி நேரத்தில் கேற்றைத் திறந்துவிட்டார்கள்.

மடி கல்லாக இறுகியிருந்தது. அந்தப் பெண்ணின் கை பட்டதும் மாடு உதைத்தது. அதுவரை ஒருநாளும் அவரை உதைத்ததில்லையாம். திங்கட்கிழமை வந்து பார்த்த மிருக வைத்தியர், மடிவீக்கம் முற்றிவிட்டது, இனிப் பாலுக்கு உதவாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் இரண்டு கிழமை மருந்து கட்டிப் பார்த்துவிட்டு இறைச்சிக்கடைக்காரருக்குக் கொடுத்தார். இதை என் மனைவியிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல. அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் இறைச்சிக் கறி. எந்தக் கடையில் வாங்கியது என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டேன்.

இப்போது அவர் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். மூத்த மகள் படிப்பை விட்டுவிட்டுக் கூட இருந்து மா பிழிகிறாள். வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு படிவம் கொண்டுபோனேன். வேறு எதைக் கொண்டுபோவது என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதையாக வாங்கி வைத்தார். நிரப்பவில்லை.

எங்கள் வீட்டில் இன்னும் பால்மாத் தேநீர்தான். வாசிப்பு மாதத்துக்கு இந்த வருடமும் அழைத்தார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ கதை மாடுகளுக்காகக் கண் கலங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்றிடமாவது காதுப்பட்டி இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.